மெம்வார் 44-ஆ, ஏன்ஷியன்ட்ஸா?

இரண்டுமே போர்க்களப் பலகை விளையாட்டுகள், இரண்டையும் வடிவமைத்தவர் ரிச்சர்ட் போர்க். மெம்வார் 44 வந்தது 2004-ல், கமாண்ட்ஸ் அண்ட் கலர்ஸ்: ஏன்ஷியன்ட்ஸ் 2006-ல். பலகை இடது, நடு, வலது என்று மூன்றாகப் பிரிந்திருக்கும். போடும் அட்டை ஒரு பகுதியைச் சொன்னால், அங்குள்ள படைதான் நகரும். இதுவரை இரண்டும் ஒன்றே. அதனால் பலரும் இரண்டாம் உலகப் போரின் நார்மண்டியா, பழங்காலக் கார்த்தேஜா என்று காலத்தை வைத்தே முடிவெடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது அதுவல்ல, திருப்பி அடிக்கும் விதி.

மெம்வாரில் காலாட்படை பக்கத்துக் கட்டத்தில் இருப்பவனை 3 பகடையால் தாக்கும். 2 கட்டம் தள்ளி என்றால் 2 பகடை, 3 கட்டம் என்றால் 1. அடி வாங்கியவன் தன் முறை வரும்வரை சும்மா இருக்க வேண்டியதுதான். முந்திக்கொண்டவனுக்கே லாபம்.

ஏன்ஷியன்ட்ஸில் நெருங்கித் தாக்கினால், சாகாமலும் பின்வாங்காமலும் நிற்கிற எதிரி அங்கேயே, அப்போதே திருப்பி அடிப்பான். ஆள் குறைந்தாலும் பெரும்பாலான படைகளுக்குப் பகடை குறையாது. 2 பகடை கொண்ட இலகு காலாட்படையை நடுத்தரக் காலாட்படை மீது ஏவினால் 4 பகடை பதிலுக்கு வரும். போதாததற்கு, இந்த இலகு காலாட்படை உருட்டும் பகடையில் வாள் முகம் விழுந்தாலும் அடியாகாது.

ஏன்ஷியன்ட்ஸின் தளபதி விஷயத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நடுத்தரக் காலாட்படையின் 4 பகடையில் எதிரிப் படையின் நிற முகமோ வாள் முகமோ விழுந்தால்தான் அடி. அதாவது 6 முகத்தில் 2, சராசரி 1.33. தளபதி அதே கட்டத்திலோ பக்கத்திலோ இருந்தால் தலைக்கவச முகமும் சேர்ந்து சராசரி 2 ஆகிவிடும். எதிரியின் ஒரு காலாட்படையில் வீரர்களாக நிற்பதே 4 மரக்கட்டைதான்! பத்திரமாக இருக்கட்டும் என்று தளபதியைப் பின்னால் ஒளித்து வைப்பதுதான் புதிதாக ஆடுபவர்கள் தோற்கும் முதல் காரணம். இரண்டாவது, அணிவரிசையைக் கலைத்துவிடுவது. லைன் கமாண்ட் அட்டை ஒட்டி நிற்கும் காலாட்படைகளை மட்டுமே ஒரே வரிசையாக நகர்த்தும். நடுவில் ஒரு கட்டம் விட்டுப்போனால் பாதிப் படை நின்றுவிடும்.

ஒரு சிரமம் உண்டு. மெம்வாரில் பொம்மை வீரர்களை எடுத்து வைத்ததும் ஆடலாம். ஏன்ஷியன்ட்ஸில் 300-க்கும் மேற்பட்ட மரக்கட்டைகளுக்கு இருபுறமும் ஸ்டிக்கர் ஒட்டியாக வேண்டும். ஒரு சாயங்காலம் முழுக்க ஒதுக்குங்கள். முதலில் கட்டையின் மரத்தூளைத் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஓரம் பெயரும். ஒரு நாட்டுப் படையை முழுதாக முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

வாராவாரம் வேறு வேறு ஆளோடு, குழந்தைகளோடு ஆடுவீர்கள் என்றால் மெம்வார். ஒரே எதிராளியோடு தொடர்ந்து உட்காரப் போகிறீர்கள் என்றால் தயங்காமல் ஏன்ஷியன்ட்ஸ். அதிலுள்ள போர்களில் கி.மு. 406-ன் அக்ரகாஸில் தொடங்குங்கள். கி.மு. 202-ன் ஜாமா பிறகு வரட்டும். அதில் யானை பின்வாங்கும்போது பக்கத்தில் நிற்பது சொந்தப் படையானாலும் மிதித்துவிடும், ஆகவே அதன் இருபக்கமும் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.