தாள் குத்தின பந்து

திருவாரூர் பக்கம், சம்பா அறுத்த வயல். தாள் குத்தி பந்து பஞ்சர். ஒட்டுப் போட ஒருத்தன் ஓட, வரப்புல வாக்குவாதம்: "இந்தியாவோட முதல் கால்பந்து லீக் ஐஎஸ்எல், அதான் இந்தியன் சூப்பர் லீக்தானடா?"

இல்லை தம்பிகளா.

1996 டிசம்பர்லயே தேசிய கால்பந்து லீக் வந்தாச்சு. முதல் சாம்பியன் பஞ்சாபின் ஜேசிடி. 2011ல அந்த அணியையே கலைச்சுட்டாங்க, அது தனி வயித்தெரிச்சல்.

2007ல பேரு ஐ-லீக் ஆச்சு. ஐஎஸ்எல் 2014ல. முதல் சீசன் ரெண்டு மாசத் திருவிழாதான்.

2018-19 ஐ-லீக்கை ஜெயிச்சது, கோயம்புத்தூரைச் சொந்த மைதானமா வச்சு ஆடின சென்னை சிட்டி. ஆனா மேல ஐஎஸ்எல்லுக்கு ஏற வழியில்லை. ஐ-லீக் சாம்பியனுக்கு ஐஎஸ்எல் கதவு திறந்தது 2022-23 சீசன்லதான். அப்பவும் ஐஎஸ்எல்ல கடைசி இடம் வந்த அணிக்குக் கீழ இறக்கம் இல்லாமத்தான் இருந்துச்சு.

பந்து வந்துடுச்சு. நீல ஜெர்சிக்காரன் அரிவாளோட குனிஞ்சு தாளை ஒட்ட அறுக்குறான்.