மிக்ஜாம் நீரில் நின்ற ஜீப்

2023 டிசம்பர் 3-ஆம் தேதி இரவு வலுத்து மறுநாள் முழுவதும் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில், திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் எங்கள் தெரு தொடையளவு நீரில் மூழ்கியது. வாசலில் நின்றிருந்த என்னுடைய 1991-ஆம் ஆண்டு மகிந்திரா எம்எம் 540 ஜீப்பின் சக்கர மையங்களான நான்கு ஹப்களும் நீருக்குள் போயின. உள்ளே கால் வைக்கும் தகட்டின் மேல் நான்கு விரற்கடை உயரத்துக்குச் சேறும் சாக்கடையும் கலந்த நீர் தேங்கியிருந்தது. இரண்டு நாட்களுக்குப் பிறகே நீர் வடிந்தது. அதன் பிறகு அந்த வண்டியை வீட்டு வாசலிலேயே வைத்துப் பகுதி பகுதியாகத் திறந்து, நீர் நுழைந்த இடங்களையெல்லாம் தேடித் துடைத்த ஆறு மாதங்களைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். கடலோரத்தில் பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்குத் தேய்மானத்தைவிட நீரும் உப்பும்தான் பெரிய எதிரிகள் என்பதை அந்த ஆறு மாதங்களில்தான் முழுமையாக உணர்ந்தேன்.

நீர் வடிந்த அன்று காலை, என்ஜின் ஓடுகிறதா என்று பார்த்துவிடும் ஆவலில் சாவியோடு இறங்கிய என்னை, காசிமேட்டில் விசைப்படகு என்ஜின்களைப் பல ஆண்டுகளாகப் பழுதுபார்த்து வரும் அண்ணன் ஒருவர் தொலைபேசியிலேயே தடுத்து நிறுத்தினார். "தம்பி, சாவியத் தொடாத. முதல்ல பேட்டரி வயரக் கழட்டு. வண்டிய ஒரு அடிகூட நகத்தாத. தண்ணி எங்கெங்க பூந்திருக்குன்னு பாத்துட்டு அப்பால பேசலாம்" என்றார். அந்த நான்கு வாக்கியங்களும் என் ஜீப்பைக் காப்பாற்றின என்றே சொல்வேன்.

இந்த ஜீப்பில் இருப்பது பியூஜோ வடிவமைப்பில் உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்ட 2112 சிசி டீசல் என்ஜின். இந்த வகைப் பழைய டீசல் என்ஜின் காற்றை இருபது மடங்குக்கும் மேலாக அழுத்தி, அந்த வெப்பத்தில்தான் எரிபொருளைப் பற்ற வைக்கிறது. சிலிண்டருக்குள் காற்றுக்குப் பதிலாக நீர் இருந்தால் அதை அழுத்த முடியாது; ஸ்டார்ட்டர் மோட்டாரின் வேகத்தில் பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆகவே முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்தேன். என் வண்டியில் உள்ளது அடியில் எண்ணெய்த் தொட்டி வைத்த பழைய வகை. அந்தத் தொட்டியில் எண்ணெய் மட்டுமே இருந்ததால் நீர் அந்த உயரத்தை எட்டவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் குளிரில் என்ஜினைக் கிளப்பச் சூடேற்றும் குளோ பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முன்பக்க புல்லி நட்டில் ஸ்பானர் போட்டுக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தேன். துளைகளிலிருந்து ஈரம் எதுவும் வரவில்லை. டீசல் டேங்க்கின் அடிப்பிளக்கைத் திறந்தபோது அரை டம்ளர் அளவு நீர் வந்தது. என்ஜின் ஆயிலை அளவுகோல் தடியில் எந்த மாற்றமும் தெரியாத நிலையிலும் மாற்றினேன். என்ஜின் வேலை இவ்வளவுதான்.

உண்மையான பாதிப்பு என்ஜினுக்குக் கீழே, யாரும் எளிதில் எட்டிப்பார்க்காத இரும்புக் கூடுகளுக்குள் இருந்தது. நான்கு சக்கர இழுவை வண்டியில் கியர் ஆயில் தங்கும் அறைகள் சாதாரணக் காரைவிட அதிகம்: கியர்பாக்ஸ், இழுவையை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், வளைவில் இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல், இவற்றோடு முன் சக்கரங்களின் இரண்டு நக்கிள் கிண்ணங்கள். டிஃபரன்ஷியல் சூடேறும்போது உள்ளே விரியும் காற்று வெளியேறுவதற்காக ஆக்சில் குழாயின் மேல் ஒரு சிறு மூச்சுத்துளை இருக்கும். ஓடிச் சூடான வண்டியை நீரில் இறக்கினால் கூடு சட்டென்று குளிர்ந்து, உள்ளே சுருங்கும் காற்று அந்தத் துளை வழியாகவே நீரை உறிஞ்சிக்கொள்ளும். என் வண்டி ஆறிப்போய்தான் நின்றிருந்தது. ஆனால் இரண்டு நாட்கள் அந்தத் துளைக்கு மேல் நீர் நின்றதால், துளை வழியாகவும் முப்பது ஆண்டுப் பழைய ஆயில் சீல்களின் விளிம்பு வழியாகவும் நீர் மெல்ல உள்ளே கசிந்திருக்கிறது.

பின் டிஃபரன்ஷியலில் முதலில் எண்ணெய் நிரப்பும் பிளக்கைத் திறந்தேன். இந்த வரிசை முக்கியமானது: நிரப்பும் பிளக் துருப்பிடித்து இறுகியிருக்கும் நிலையில் கீழே உள்ள எண்ணெயை வடித்துவிட்டால், வெறும் கூட்டோடு வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். பிறகு மூடியின் கீழ்ப்பக்க போல்ட்டுகளை மட்டும் தளர்த்தி, மூடியை நூலளவு விலக்கினேன். ஏறத்தாழ ஒரு டம்ளர் நீர் தனியாக வந்தது. அதன் பின்னால்தான் கறுத்த எண்ணெய் வந்தது. நீர் எண்ணெயைவிடக் கனமானது, அடியில் தங்கும். வண்டியை ஒரு அடிகூட நகர்த்தாததால் இரண்டும் கலக்காமல் பிரிந்தே கிடந்தன. தெருவைவிட்டு ஒதுக்கி நிறுத்துவதற்காக நான்கு பேர் சேர்ந்து தள்ளியிருந்தால்கூட, உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் சுழன்று இரண்டையும் கடைந்து, பால் டீ நிறத்தில் ஒரு கலவையாக்கி, ஒவ்வொரு பேரிங் ரோலருக்கும் பூசியிருக்கும். முன் டிஃபரன்ஷியலிலும் இதேதான். டிரான்ஸ்ஃபர் கேஸில் மட்டும் எண்ணெய் ஏற்கெனவே வெளுத்திருந்தது; அது முந்தைய மழைகளின் கணக்காக இருக்க வேண்டும், அதைக் கவனிக்காமல் விட்டது என் தவறு.

மூடிகளை முழுமையாகக் கழற்றி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றித் தூரிகையால் கழுவி, ஓரிரவு வடியவிட்டேன். கழுவிய பின் மண்ணெண்ணெய் ஒரு சொட்டும் தங்கக் கூடாது, ஏனெனில் அது புதிய எண்ணெயின் வலுவைக் குறைத்துவிடும். பனியன் வேஸ்ட்டால் துடைக்கும்போது நூல் பிரிந்து பேரிங்கில் மாட்டிக்கொள்ளும் என்பதால், உட்புறத்துக்குப் பழைய வேட்டித் துணியையே பயன்படுத்துகிறேன். புதிய பேக்கிங் வைத்து, ஒவ்வொரு டிஃபரன்ஷியலுக்கும் ஒன்றேகால் லிட்டர் அளவில் 90 எண் கியர் ஆயில் நிரப்பினேன். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மீண்டும் திறந்தபோது எண்ணெயில் இலேசான மங்கல் தெரிந்தது, மாற்றினேன். மூன்றாம் முறைதான் எண்ணெய் தேன் போலத் தெளிவாக வந்தது. ஒருமுறை மாற்றினால் போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்; நான் ஏற்கமாட்டேன். ஆக்சில் குழாய்களின் ஓரங்களிலும் பேரிங்குகளுக்குப் பின்னாலும் தங்கும் ஈரம் ஓடினால்தான் வெளியே வரும். வடித்த எண்ணெயை முழுவதும் கேன்களில் சேர்த்துப் பழைய எண்ணெய் வாங்குபவரிடம் கொடுத்தேன். எங்கள் தெருச் சாக்கடை பக்கிங்காம் கால்வாய்க்குத்தான் போகிறது. அங்கே இனியும் ஒரு சொட்டு எண்ணெய் சேர வேண்டாம்.

முன் நக்கிள்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பழைய ஜீப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். முன் சக்கரம் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்பதால் ஆக்சிலின் நுனியில் ஒரு இரும்புக் கோளம் இருக்கும். அதன் மேல் நக்கிள் கிண்ணம் மேலும் கீழும் உள்ள இரண்டு கிங் பின் பேரிங்குகளில் தொங்கித் திரும்பும். கோளத்தின் வெளிமுகத்தைத் தழுவியபடி ஒரு சீல் நின்று உள்ளேயிருக்கும் மசகைக் காக்கும். எங்கள் ஊர்க் கடல்காற்று அந்தக் கோளத்தின் பளபளப்பான முகத்தில் துருப்புள்ளிகளை உண்டாக்குகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தப் புள்ளிகள் அரம் போல் சீலின் விளிம்பை அறுக்கின்றன. சீல் மட்டும் மாற்றினால் சில மாதங்களில் மீண்டும் கசியும். நான் கோளத்தை நீர் தொட்ட மிக நுண்ணிய எமரித் தாளால், மேலும் கீழுமாக அல்லாமல் திரும்பும் திசையிலேயே தேய்த்து, விரல் நகம் தட்டாத அளவுக்கு மழமழப்பாக்கினேன். பக்கத்துக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. கிங் பின் பேரிங்குகளின் இறுக்கத்தை அவற்றின் மூடிக்கடியில் வைக்கும் மெல்லிய ஷிம் தகடுகளே தீர்மானிக்கின்றன. சீலைப் போடும் முன் நக்கிளைத் திருப்பும் ஸ்டியரிங் கரத்தில் சுருள்வில் தராசு மாட்டி இழுத்து அந்த இறுக்கத்தைப் பார்க்க வேண்டும். காசிமேட்டில் மீன் நிறுக்கும் தராசு ஒன்றே எனக்கு அந்த வேலைக்கு உதவியது. இந்த இறுக்கம் தளர்ந்தால் பழைய ஜீப்புகளின் முன்சக்கரங்கள் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நடுங்கத் தொடங்குகின்றன. பலர் அதற்கு வீல் பேலன்சிங் செய்து பணத்தை இழக்கிறார்கள்.

ஹப் பேரிங்குகளையும் கழுவி, உள்ளங்கையில் கிரீஸை வைத்து ரோலர்களுக்கிடையே பிதுங்கும்வரை அழுத்தி நிரப்பினேன். உள் நட்டைச் சக்கரம் இறுகும்வரை முடுக்கி, பிறகு ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்தி, பூட்டு வாஷரை மடித்து, வெளி நட்டைப் போட வேண்டும். புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்களுக்கு ஒன்று: பழைய ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரங்களின் மரை இடமரையாக இருக்கும். அதை அறியாமல் வழக்கமான திசையில் பலம் கொடுத்து ஸ்டட்டுகளை முறித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம்; ஸ்டாண்டும், மற்ற சக்கரங்களுக்குக் கட்டையும் கட்டாயம்.

பிரேக் ஆயில் ஈரத்தைத் தானே உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். வெள்ளத்தில் நிற்காத வண்டிக்கே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. என் வண்டியில் வீல் சிலிண்டர்களின் உள்முகம் குழிந்துவிட்டிருந்ததால் நான்கையும் மாற்றினேன். பாகங்கள் புதுப்பேட்டையிலும், பேரிங்குகளும் ஆயில் சீல்களும் பாரிமுனைப் பக்கத்திலும் கிடைத்தன. கடையில் வண்டியின் பெயரைச் சொல்வதைவிட, பழைய பேரிங்கின் பக்கவாட்டில் பொறித்துள்ள எண்ணைக் கொண்டுபோய்க் காட்டினால் சரியான பொருள் உடனே கைக்கு வரும்.

சேசிஸுக்கு எங்கள் பகுதியில் பழைய என்ஜின் ஆயில் பூசுவது வழக்கம். நானும் பல ஆண்டுகள் அதைச் செய்தேன், இப்போது நிறுத்திவிட்டேன். அது தூசியை ஈர்த்துக் கெட்டியாகி, அதற்கடியில் உப்பு ஈரத்தைச் சிறைப்பிடிக்கிறது, கமான் பட்டைகளின் ரப்பர் புஷ்களையும் ஊத வைக்கிறது. வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, நல்ல நீரால் உட்புறத்தைக் கழுவிக் காயவிட்டு, சுரண்டிய இடங்களில் ரெட் ஆக்சைடும் அதன் மேல் பெயின்டும் அடிப்பதே இப்போது என் முறை.

இரண்டு டிஃபரன்ஷியல்களின் மூச்சுத்துளைகளிலும் ரப்பர் குழாய் பொருத்தி, பின்னதைச் சேசிஸ் வழியாகக் கொண்டுவந்து, இரண்டையும் பானட்டுக்கு அடியில், என்ஜின் அறையை உட்புறத்திலிருந்து பிரிக்கும் ஃபயர்வாலின் உச்சியில் கட்டியிருக்கிறேன். ஆக்சில் மேலும் கீழும் ஆடும்போது இழுபடாதபடி குழாயில் தளர்வு விட வேண்டும். மாதம் ஒருமுறை மண்தரையில் முன் இழுவையைப் போட்டு அரை கிலோமீட்டர் ஓட்டுகிறேன். தார்ச்சாலையில் போடுவதில்லை, வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தொலைவு ஓடும்போது அந்த வேறுபாட்டைத் தாங்க இந்த அமைப்பில் நடுவில் டிஃபரன்ஷியல் இல்லை, முறுக்கம் முழுவதும் சுழல்தண்டின் மூட்டுகளான கிராஸ்களிலும் கியர் பற்களிலும் ஏறும்.

சென்ற வாரம் பின் மூடியின் கீழ் போல்ட்டைத் தளர்த்தி ஒரு கரண்டி எண்ணெயைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். அடியில் நீர் இல்லை. வலப்பக்க நக்கிளில் மட்டும் இலேசான கசிவு தெரிகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்தக் கோளத்தை மீண்டும் ஒருமுறை தேய்க்க வேண்டும்.