செவ்வாய்ப்பேட்டையில் ஒரு செவ்வாய்க்கிழமை மாத்திரை

கொலுசுக்குத் திருகு போடுவது எனக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். அந்தத் திருகு கையில் நிற்காமல் நழுவியபோது வியர்வை என்றுதான் நினைத்தேன். மார்கழி பிறந்து வாசலில் உட்கார்ந்தால், கோலப்பொடியைக் கிள்ள விரல் மடங்கவில்லை. எழுந்து ஒன்றரை மணி நேரம் போனால்தான் கை கையாக இருக்கும். பட்டறையில் ஆளுக்கொரு தைலம் சொன்னார்கள். எல்லாவற்றையும் தடவிப் பார்த்து ஆறு மாதத்தை வீணாக்கினேன்.

மூட்டுவாத டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு, "முடக்குவாதம்மா, கொஞ்சம் தீவிரமாவே இருக்கு" என்றார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தின்கிறதாம். அதை அடக்கத்தான் மெத்தோட்ரெக்சேட். ஆனால் சீட்டை உடனே தரவில்லை. ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், ஹெபடைட்டிஸ் பி, சி, மார்பு எக்ஸ்ரே எல்லாம் முதலில். "குழந்தை பெத்துக்கிற எண்ணம் இருந்தா இந்த மருந்தே கூடாது" என்றும் சொன்னார். எனக்குப் பேத்தியே வந்தாச்சு என்றேன்.

வாரம் ஒரே நாள். என்ன கிழமை வேண்டும் என்று கேட்டார். சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரிக்கு வேறென்ன கிழமை? சீட்டில் 'செவ்வாய் மட்டும்' என்று எழுதிச் சிவப்பில் வட்டம் போட்டார். வெள்ளிக்கிழமை, பக்கவிளைவு குறைய ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் 5 மி.கி. மெத்தோட்ரெக்சேட் முதலில் 7.5 மி.கி., அதாவது 2.5-இல் மூன்று மாத்திரை. ரத்தம் பார்த்துப் பார்த்து 15 வரை ஏற்றினார்.

இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. இது வலி மாத்திரை இல்லை, மெதுவாகத்தான் பிடிக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார். அதுவரை தாக்குப்பிடிக்கக் குறைந்த அளவில் ஸ்டீராய்டு. பத்தாவது வாரம் தோசைக்கரண்டியை இறுகப் பிடிக்க முடிந்தது.

இனி சொல்ல வெட்கமாக இருக்கும் பகுதி. 15 மி.கி. ஒரே மாத்திரையாக வந்த மாதம், வேறொரு மருந்துக்கடையில் வாங்கினேன். அதுவும் ஃபோலிக் அமிலமும், இரண்டு மாத்திரையும் மஞ்சள். கடைக்காரப் பையன் கவரில் 'தினம் இரவு 1' என்று எழுதிக் கொடுத்துவிட்டான். சிவப்பு வட்டம் வீட்டில், நான் நம்பியது கவரை. செவ்வாய் போட்டேன், புதன் போட்டேன், வியாழனும் போட்டேன். வெள்ளி காலை வாயெல்லாம் எரிச்சல், நாக்கில் புண். மகள்தான் பட்டையை வாங்கிப் படித்துவிட்டு, "அம்மா, எத்தனை போட்டீங்க?" என்று கத்தினாள்.

அடுத்த அரை மணியில் ஆட்டோவில் ஆஸ்பத்திரி. அணுக்களும் கிரியேட்டினினும் பார்த்து, மெத்தோட்ரெக்சேட்டை முறிக்கும் ஃபோலினிக் அமில ஊசி போட்டு உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். ஃபோலிக் அமிலம் செய்யும் வேலையைத் தடுப்பதுதான் மெத்தோட்ரெக்சேட்டின் சூட்சுமமாம். 1940-களில் இந்த வகை மருந்துகளை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய எல்லாப்பிரகட சுப்பாராவ் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்று இளம் டாக்டர் ஒருவர் பெருமையாகச் சொன்னார். எனக்கு அப்போது கஞ்சி விழுங்குவதே பெரும்பாடு. வெள்ளணு இறங்கி, பிறகு ஏறியது. பிழைத்தேன்.

இப்போது மாத்திரைப் பட்டை மகளின் பீரோவில். செவ்வாய் இரவு அவள் ஒன்று எடுத்துத் தருவாள், நாட்காட்டியில் கோடு போடுவாள். ஒரு செவ்வாய் மறந்தால், அடுத்த வாரம் இரண்டாகப் போடுவது கிடையாது. போன் பண்ணிக் கேட்போம்.

போன மே மாதம் ஏற்காட்டில் தங்கை வீட்டுக்குப் போன இடத்தில் காய்ச்சலும் நீர்க்கடுப்பும். கீழே இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க உடம்பில் தெம்பில்லை. அங்கிருந்த டாக்டர் கோட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை எழுதப்போனார். என் மருந்து நோட்டை நீட்டினேன். மெத்தோட்ரெக்சேட் என்று பார்த்ததும் பேனாவை எடுத்துவிட்டு வேறு மருந்து எழுதினார். இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜைக்கு ஆபத்தாம். காய்ச்சல் விடும்வரை செவ்வாய் மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். சேலத்து டாக்டரும் போனில் அதையேதான் சொன்னார்.

வறட்டு இருமலோ மூச்சிரைப்போ வந்தால் அன்றே வரச்சொல்லியிருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கிறேன், அடுத்தது இருபதாம் தேதி. பட்டறையில் ஒரு நாளைக்கு நாற்பது ஜோடிக்குத் திருகு போடுகிறேன். பழைய கணக்கு அறுபது.