ரோமில் அரியர் வைத்து, பானையைப் பிடித்துப் பாஸான கதை

தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. வரலாறு படித்தபோது எனக்கு அரியர் விழுந்த ஒரே பேப்பர் இடைக்கால ஐரோப்பா. வேலைக்குப் போய்க்கொண்டே படித்ததால் நேரமில்லை என்று வீட்டில் சொல்லிச் சமாளித்தேன். உண்மை அது இல்லை. ரோமப் பேரரசின் கடைசிக் காலத்திலிருந்து 9ஆம் நூற்றாண்டு வரை மேற்கு ஐரோப்பாவின் பொருளாதாரமும் தொழில்நுட்பமும் எப்படி மாறின என்று கேட்டிருந்தார்கள். நான் 410இல் அலாரிக் ரோமைச் சூறையாடினான், 476இல் ஒடோவாக்கர் மேற்கின் கடைசிப் பேரரசனை இறக்கினான் என்று நாலு பக்கத்துக்கு ராஜா கதை எழுதிவிட்டு, கடைசி அரைப் பக்கத்தில் ‘வணிகம் நலிந்தது, இருண்ட காலம் தொடங்கியது’ என்று முடித்திருந்தேன். யார் மார்க் போடுவார்கள்?

இரண்டாவது முறை நோட்டில் ராஜா பெயர் ஒன்றுகூட எழுதாமல் பானை, காசு, நீராலை, ஏர் என்று பொருட்களின் பெயரை மட்டும் தலைப்பாகப் போட்டுப் படித்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

முதலில் பானை. ரோம் நகரில் மோன்தே தெஸ்தாச்சியோ என்று ஒரு குன்று இருக்கிறது, ஏறத்தாழ 35 மீட்டர் உயரம், முழுக்க உடைந்த எண்ணெய் ஜாடிகள். பெரும்பாலானவை தெற்கு ஸ்பெயினிலிருந்து ஆலிவ் எண்ணெய் வந்த ஜாடிகள் (அரிக்கமேட்டில் கிடைத்த ஆம்போரா துண்டுகளைப் பார்த்திருந்தால் அந்த ஜாடி எப்படி இருக்கும் என்று சட்டென்று பிடிபடும்). ஒரு நகரம் கடல் தாண்டி வந்த எண்ணெயில் சமைத்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. அப்புறம் பிரிட்டனைப் பாருங்கள். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோம ஆட்சி விலகியது, சில பத்தாண்டுகளுக்குள் சக்கரத்தில் வனைந்த பானை அங்கே மறைந்துவிட்டது, புதுக் காசு வருவது நின்றது, செங்கல்லும் ஓடும் செய்ய ஆளில்லை. குயவனுக்குத் திடீரென்று தொழில் மறந்தா போனது? வரி வசூலித்து, படைக்குக் காசாகச் சம்பளம் கொடுத்த அரசு போனதும் அந்தக் காசை நம்பியிருந்த சந்தையும் போனது. இந்தக் காரணத்தைக் கட்டாயம் எழுதுங்கள், வெறும் ‘நலிந்தது’ போதாது.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். சிரியாவும் எகிப்தும் 6ஆம் நூற்றாண்டில்கூட நன்றாகவே இருந்தன. இங்கேதான் பெல்ஜிய வரலாற்றாசிரியர் ஆன்றி பிரென் வருகிறார்: ரோமப் பேரரசுக்குள் புகுந்த ஜெர்மானியக் குழுக்கள் அல்ல, 7ஆம் நூற்றாண்டின் அரபு வெற்றிகளே மத்தியதரைக்கடல் வணிகத்தை முறித்தன என்று ஒரு நூலில் வாதிட்டவர், அந்த நூல் அவர் இறந்த பிறகு 1937இல் வெளிவந்தது. அவர் சொன்னதை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள், அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகள் மேற்கில் வணிகம் அதற்கு முன்பே சுருங்கத் தொடங்கியதைக் காட்டுகின்றன என்பதையும் சேருங்கள்.

நீராலையில் கதை தலைகீழ். நான் வாங்கிய கைடில் இது இடைக்காலக் கண்டுபிடிப்பு என்று இருந்தது, தப்பு. பிரான்சில் ஆர்ல் நகருக்குப் பக்கத்தில் பார்பெகாலில் 2ஆம் நூற்றாண்டிலேயே 16 நீர்ச்சக்கரங்களோடு மாவாலை ஓடியது. 537இல் ரோமை முற்றுகையிட்ட கோத்துகள் என்ற ஜெர்மானியக் குழு நகருக்குத் தண்ணீர் வந்த கால்வாய்களைத் துண்டித்தபோது, கிழக்கு ரோமத் தளபதி பெலிசாரியஸ் டைபர் ஆற்றில் படகுகளைக் கட்டி அவற்றின் நடுவே சக்கரம் சுழலவிட்டு மாவரைத்தான். ஆனால் 1086இல் இங்கிலாந்தில் எடுத்த டூம்ஸ்டே கணக்கில் மட்டும் 5,000க்கு மேல் ஆலைகள்! கண்டுபிடித்தது ஒரு காலம், ஊரெல்லாம் பரவியது வேறொரு காலம். இந்த வித்தியாசத்தை ஒரு வரியில் எழுதினாலே விடைத்தாள் தனியாகத் தெரியும்.

ஏருக்கு நம் நாட்டுக் கலப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். மண்ணைக் கீறும், புரட்டாது. மத்தியதரைக்கடல் பக்கத்து லேசான மண்ணுக்கு அந்த மாதிரி ஏர் போதும், வடக்கின் ஈரக் களிமண்ணுக்குப் புரட்டிப் போடும் கனமான கலப்பை வேண்டியிருந்தது. தொழில்நுட்பம் என்றதும் இன்னொன்று: அங்கவடி (குதிரைமேல் இருப்பவர் கால் வைக்கும் வளையம்) வந்ததால்தான் நிலப்பிரபுத்துவம் வந்தது என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் வைட்டின் வாதத்தை உண்மை என்று எழுதாமல், வாதம் என்றே எழுதுங்கள், எதிர்ப்பு நிறைய.

காசுக்கு ஒரு சுலப வழி. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைனின் தங்கக் காசான சாலிடஸ், ஒரு ரோம பவுண்டு எடைத் தங்கத்துக்கு 72. பிராங்குகளின் அரசன் சார்லமேன் காலத்தில் டெனியர் என்ற வெள்ளிக் காசு, ஒரு பவுண்டு வெள்ளிக்கு 240. பவுண்டுக்கு இருபது ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்னி, பிரிட்டனில் 1971 வரை இருந்த அதே கணக்குதான், மறக்காது.

இரண்டாவது முறை 61 வந்தது. வரைபடத்தில் மட்டும் டோரெஸ்டாட் துறைமுகத்தை டென்மார்க் பக்கம் தள்ளி வைத்துவிட்டேன். அது நெதர்லாந்தில், ரைன் ஆற்றோரம்.