நாச்சஸ் முச்சந்தி: ஓசியில் பார்த்த இடம்தான் உருப்படி

முதலில் பேருந்துக் கதையை முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது. ஹூஸ்டனில் தம்பி வீட்டிலிருந்து பேடன் ரூஜ் வரை ஒரு வண்டி, அங்கிருந்து மிசிசிப்பி மாநிலத்தின் நாச்சஸ் ஊருக்கு இன்னொரு வண்டி. இரண்டாவது வண்டி மூன்றரை மணி நேரம் தாமதம். ஏன் என்று கேட்க ஆள் இல்லை. கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு மட்டும் எரிகிறது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் என்றால் நேரக்காப்பாளரிடம் சண்டையாவது போடலாம். பெட்டிக்குள் காசு போட்டால் விழுகிற சிப்ஸ் பாக்கெட் இரண்டரை டாலர். நம்ம காசுக்கு 200 ரூபாயைத் தாண்டுகிறது. பாதியைத் தின்றுவிட்டு மீதியை ராத்திரிக்கு வைத்துக்கொண்டேன்.

"நயாகராவை விட்டுட்டு எதுக்குண்ணே இந்த ஊரு?" என்று தம்பி கேட்டான். காரணம் இதுதான். நாங்கள் கரிசல்காட்டுக்காரர்கள், வீட்டில் மூன்று தலைமுறையாகப் பருத்தி. 1840இல் கிழக்கிந்தியக் கம்பெனி மிசிசிப்பிப் பக்கத்துப் பருத்தி ஆட்கள் 10 பேரைச் சம்பளம் கொடுத்து இந்தியாவுக்குக் கூட்டி வந்தது. அவர்களில் சிலர் நம் கோயம்புத்தூர்ப் பக்கமும் வந்தார்கள். இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களுக்குப் பஞ்சு அமெரிக்காவிலிருந்துதான் வரவேண்டும் என்ற நிலை கம்பெனிக்குப் பயமாக இருந்தது. அதே ரகத்தை இங்கே விளைவித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். ராபர்ட் வைட் என்ற தாவரவியல்காரர் கோவையில் பத்து வருஷம்போல அந்தச் சோதனைப் பண்ணையைக் கட்டி அழுதார். நினைத்தபடி ஓடவில்லை. நம் மண்ணும் மழையும் வேறு, அது ஒரு பக்கம். இன்னொரு காரணமும் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நேரில் பார்க்கத்தான் கிளம்பினேன்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன செலவு என்று வரிசையாக எழுதுவதாக வாட்ஸப் குழுவில் வாக்குக் கொடுத்திருந்தேன். தங்கிய மோட்டல் ஒரு ராத்திரிக்கு 78 டாலர், குளியலறைக் குழாய் ஒழுகியது. வரிசை இத்தோடு சரி.

நாச்சஸ் மிசிசிப்பி ஆற்றின் மேட்டில் உட்கார்ந்திருக்கிற சின்ன ஊர். தெருவுக்குத் தெரு வெள்ளைத் தூண் மாளிகைகள். ஒன்றுக்குள் போனேன். எது என்று சொல்ல மாட்டேன். டிக்கெட் 25 டாலருக்கு மேல். வழிகாட்டி அம்மாள் முக்கால் மணி நேரம் பிரெஞ்சு வால்பேப்பர், இத்தாலியச் சலவைக்கல், வெள்ளிக் கரண்டி என்று அடுக்கினார். சமையலறைப் பக்கம் வந்தபோது "வேலைக்காரர்கள்" என்று ஒரு சொல், அவ்வளவுதான். சம்பளம் வாங்காத, விட்டுப் போகவும் முடியாத ஆளுக்கு எந்த ஊரில் வேலைக்காரர் என்று பேர்? கேட்டிருக்கலாம். 25 டாலர் போன வயிற்றெரிச்சலில் கேட்காமல் வந்துவிட்டேன்.

லாங்வுட் என்ற மாளிகை மட்டும் கொடுத்த காசுக்கு மோசமில்லை. எண்கோண வடிவம், உச்சியில் வெங்காயம்போல ஒரு குவிமாடம். ஹாலர் நட் என்ற பருத்தி முதலாளி 1860இல் கட்ட ஆரம்பித்தார். 1861இல் வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் உள்நாட்டுப் போர் வந்ததும் வடக்கேயிருந்து வந்த கொத்தனார், தச்சர் எல்லோரும் ஊரைப் பார்க்கப் போய்விட்டார்கள். திட்டம் 32 அறை, முடிந்தது கீழ்த்தளத்து 9 அறை. மாடிக்கு ஏறினால் பூசாத செங்கல், மொட்டை உத்திரம், அப்போது போட்டுவிட்டுப் போன சாமான்கள். கடன் வாங்கி வீட்டைத் தொடங்கி, கான்கிரீட் கம்பி துருப்பிடிக்க நிற்கும் வீடுகள் நம்மூரிலும் உண்டு. இது அதன் ராட்சச அண்ணன்.

அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்பதற்கு அங்கிருந்து கொஞ்ச தூரம் போகவேண்டும். நடந்தே போனேன், டாக்சி கேட்ட காசுக்கு நடக்கலாம்.

செயின்ட் கேதரின் தெருவும் லிபர்ட்டி சாலையும் சேரும் இடம். பெயரைப் பாருங்கள், விடுதலைச் சாலை! ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோடு என்பார்கள். அமெரிக்கத் தெற்கில் நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்த பெரிய அடிமைச் சந்தை இங்கேதான் நடந்தது. இன்றைக்கு ஒரு புல்வெளி, சில தகவல் பலகைகள், தரையில் சிமெண்டுக்குள் பதித்த விலங்குச் சங்கிலிகள். பக்கத்தில் கார்கள் சிக்னலுக்கு நிற்கின்றன. நுழைவுக் கட்டணம் இல்லை, வாசல்கூட இல்லை.

முதலில் ஊருக்குள்ளேதான் விற்றிருக்கிறார்கள். 1833இல் காலராவில் செத்த அடிமைகளின் உடல்களை ஐசக் ஃபிராங்க்ளின் என்ற வியாபாரி அரைகுறையாகப் புதைத்தது வெளியே தெரிந்து ஊரே கொதித்தது. விற்பனையை ஊர் எல்லைக்கு வெளியே தள்ளினார்கள். விற்பது அவர்களுக்குப் பிரச்சினை இல்லை, நாற்றம்தான் பிரச்சினை. இந்த ஃபிராங்க்ளினும் ஜான் ஆர்ம்ஃபீல்டும் கூட்டாளிகள். வர்ஜீனியாவில் வாங்கி, ஆண்களைச் சங்கிலியில் கோத்து, ஆயிரம் மைல் நடத்திக் கொண்டுவந்து இங்கே விற்றார்கள். கப்பலிலும் கொண்டுவந்தார்கள். இங்கே பெரும்பாலும் ஏலம் கிடையாது, கடைபோலத்தான். புது உடுப்புப் போட்டு வரிசையில் நிறுத்தியிருப்பார்கள். வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பான், சட்டையைக் கழற்றி முதுகில் சாட்டைத் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பான். தழும்பு இருந்தால் அடங்காத ஆள் என்று விலை குறையும். மாட்டுத்தாவணியில் தாத்தா கூட நின்று பல் பிடித்துப் பார்த்தவன் நான். அந்தப் பலகையை அதற்கு மேல் படிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் புல்லில் உட்கார்ந்திருந்தேன்.

வர்ஜீனியாவிலிருந்து ஏன் இங்கே? அங்கே புகையிலை மண் சோர்ந்துபோயிருந்தது. இங்கே 1793இல் எலி விட்னி செய்த அரவை இயந்திரம் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. அதற்கு முன் குட்டை இழைப் பருத்தியில் கொட்டையைக் கையால் பிரித்தால் ஒரு ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தேறினால் பெரிது. இயந்திரத்தில் 50 பவுண்டு. அரவை சுலபமானதும் வேலை குறைந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். நேர்மாறு. எவ்வளவு வந்தாலும் அரைக்கலாம் என்றானதும் எடுக்கிற கை போதவில்லை. 1808இல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரத் தடை வந்தபின் உள்நாட்டிலேயே வாங்கி விற்றார்கள். சுமார் 10 லட்சம் பேரைத் தெற்குக்கும் மேற்குக்கும் பெயர்த்துக் கொண்டுபோனதாகக் கணக்கு. 1860இல் நாட்டில் அடிமைகள் கிட்டத்தட்ட 40 லட்சம். அந்த வருஷம் அமெரிக்க ஏற்றுமதியில் பாதிக்கு மேல் பருத்தி.

சரி, பணம் இந்த ஊரோடு நிற்கவில்லை. அதைத்தான் மாளிகைகளில் ஒருத்தரும் சொல்வதில்லை. பருத்தித் தோட்ட முதலாளிக்குக் கடன் வேண்டும். நிலத்தை அடகு வைப்பார், அடிமைகளையும் அடகு வைப்பார். ஜேபி மார்கன் சேஸ் வங்கியே 2005இல் ஒப்புக்கொண்ட விஷயம் இது: தன்னோடு பிற்காலத்தில் சேர்ந்த இரண்டு லூசியானா வங்கிகள் சுமார் 13,000 பேரை அடகாக ஏற்றிருந்தன, கடன் திரும்பாதபோது 1,250 பேர்வரை வங்கிக்கே சொந்தமானார்கள். நகையை முழுக விடுவதுபோல ஆட்களை முழுக விட்டிருக்கிறார்கள். கப்பல், காப்பீடு, கமிஷன் எல்லாம் நியூயார்க்கில். போர் மூளும் நேரத்தில் அந்த நகர மேயர் ஃபெர்னாண்டோ வுட், நாமும் தனியாகப் பிரிந்துவிடலாமா என்று யோசனை சொன்னார் என்றால் பாருங்கள். மாசசூசெட்ஸ் மில்கள் அதே பஞ்சில் ஓடின. ரோட் ஐலண்டில் அடிமைகளுக்கென்றே முரட்டுத் துணி நெய்து தெற்கே திருப்பி அனுப்பினார்கள். வடக்கு யோக்கியம், தெற்கு அயோக்கியம் என்ற கதையை இனி யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

நாட்டின் வளர்ச்சியில் பருத்தியின் பங்கு எத்தனை சதவீதம் என்று பொருளாதாரக்காரர்களிடம் இன்னும் சண்டை. சிலர் பாதி என்பார்கள், சிலர் ஐந்து சதவீதம்தான் என்பார்கள். போட்டுக்கொள்ளட்டும். 1860இல் அடிமைகளின் சந்தை மதிப்பு, நாட்டின் ரயில்பாதைகளும் தொழிற்சாலைகளும் சேர்ந்த மதிப்பைவிடக் கூடுதல் என்பது எனக்குப் போதும்.

இதற்குள் மணி இரண்டு, பசி. ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சின்னக் கடையில் கெளுத்தி மீன். மக்காச்சோள மாவில் புரட்டிப் பொரித்து, மேலே மிளகாய்த் தூள். கடித்தால் மொறுமொறு, உள்ளே பூ மாதிரி. கூடவே தட்டப்பயறு, நம் தட்டப்பயறேதான், கொஞ்சம் குழைய வேகவைத்தது. வெண்டைக்காய், ஒரு கீரை மசியல். தட்டப்பயறும் வெண்டையும் ஆப்பிரிக்காவிலிருந்து அந்த மக்களோடு வந்தவை. விலை 14 டாலர், டிப்ஸ் தனி. மனசே வராமல் 3 டாலர் வைத்தேன். ஆனால் சொல்கிறேன், இந்தப் பயணத்தில் முழு மனசோடு கொடுக்கத் தகுந்த காசு அந்தச் சாப்பாட்டுக்குத்தான்.

பருத்திக் காடு பார்க்காமல் திரும்ப முடியாதே. ஆற்றுப் பாலம் தாண்டினால் லூசியானா, ஃபெரிடே போகும் வழியெல்லாம் பருத்தி. ஒரு டிரைவர் போய்வர 40 டாலர் என்றார். திரும்பியதும் காத்திருந்ததற்கு என்று 65 கேட்டார். நான் கத்தினேன், அவரும் கத்தினார், 55இல் முடிந்தது. மாநிலம் மாறினாலும் டிரைவர் மாறுவதில்லை.

அக்டோபர், வெடித்த பருத்தி கண்ணுக்கெட்டும் மட்டும் வெள்ளை. அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். "இலை எங்கடா? செடி செத்துப்போச்சா?" என்றார். மருந்தடித்து இலையை உதிர்த்துவிட்டு இயந்திரம் விடுகிறார்கள். ஒரு ஆள் ஓட்டுகிறார், பின்னால் மஞ்சள் பிளாஸ்டிக் சுற்றிய உருளைகள் ஆளுயரத்துக்கு மேல் விழுகின்றன. அம்மா இன்னொன்று கேட்டார்: "அந்தக் காலத்துல கையாலதான?" ஆமாம். மடி கட்டிப் பகல் முழுக்க எடுத்தால் அம்மாவுக்கு 30 கிலோ, நல்ல வெடிப்பில் 40. இதே லூசியானாவில் 12 வருஷம் அடிமையாகக் கிடந்து மீண்ட சாலமன் நார்த்தப், ஒரு நாள் வேலைக்கு 200 பவுண்டு என்று எழுதியிருக்கிறார், கிலோவில் 90. சாயங்காலம் தராசு, குறைந்தால் சாட்டை. காய் பெரிதான, எடுக்கச் சுலபமான ரகங்களை அப்போது கண்டுபிடித்திருந்தார்கள் என்பதும் நிஜம். ஆனால் அம்மா 90 என்றதும் பேசவில்லை. தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டார்.

கோவைச் சோதனையில் கம்பெனி விதையைக் கொண்டுவந்தது, ஆட்களைக் கொண்டுவந்தது, இயந்திரத்தையும் கொண்டுவந்தது. தராசுக்குப் பின்னால் நின்ற சாட்டையைக் கப்பலில் ஏற்ற முடியவில்லை. நான் தேடி வந்த இன்னொரு காரணம் அதுதான். 1861இல் லிங்கன் துறைமுகங்களை முற்றுகையிட்டபின் லங்காஷயருக்கு வேறு வழியில்லாமல் நம் திருநெல்வேலிப் பருத்திக்கு விலை எகிறியது. போர் முடிந்ததும் சரிந்தது. ஏறும்போது வியாபாரிக்கு, இறங்கும்போது சம்சாரிக்கு. அது இன்றுவரை அப்படியேதான்.

போகிறவர்களுக்கு: முச்சந்தியில் நிழல் இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். 1863இல் வடக்குப் படை ஊரைப் பிடித்தபின் சந்தைக் கொட்டகைகளைப் பிரித்தார்கள். பிரித்தவர்களில் முன்பு அடிமைகளாக இருந்து சிப்பாய் ஆனவர்களும் உண்டு. அந்தப் பலகைகளை வைத்துத் தங்கக் குடில் கட்டிக்கொண்டார்கள். இது எழுதியிருக்கிற பலகையை நான் திரும்பிப் போகும்போதுதான் பார்த்தேன். நீங்கள் முதலில் அதைப் படியுங்கள். டாக்சி பிடித்தால், காத்திருப்புக் கட்டணத்தை ஏறும்போதே பேசிவிடுங்கள்.