கினபாலு மலை: இறக்கத்துக்கும் கால் மிச்சம் வையுங்கள்

மலேசியாவின் சபா மாநிலத்தில் நிற்கும் கினபாலுவுக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் 4,095 மீட்டர் என்ற எண்ணைப் பார்த்துத்தான் மலைக்கிறார்கள். பாறை ஏறும் நுட்பம் தெரியாதவரும் ஏறக்கூடிய மலைதான் அது. ஆளைச் சாய்ப்பவை வேறு இரண்டு. கடலோர நகரமான கோத்தா கினபாலுவிலிருந்து புறப்பட்டு அன்றைக்கே 3,272 மீட்டரில் படுப்பது ஒன்று. மறுநாள் உச்சி தொட்ட அதே காலோடு 2,200 மீட்டருக்கு மேல் இறங்குவது இன்னொன்று.

முதலாவதற்கு வழி எளிது. முந்தைய இரவை மலையடியில் இருக்கும் கினபாலு பூங்கா தலைமையகத்திலோ பக்கத்து ஊரான குண்டாசாங்கிலோ கழியுங்கள். இரண்டுமே ஆயிரம் மீட்டருக்கு மேல் இருப்பவை. நகரத்திலிருந்து விடியற்காலையில் இரண்டு மணி நேரம் வண்டியில் வளைந்து வளைந்து வந்து, தூக்கமில்லாமல் நேரே ஏறத் தொடங்குபவர்களுக்குத்தான் சாயங்காலம் தலைவலியும் குமட்டலும் அதிகம் வருகின்றன. உயரத்தால் வரும் இந்தத் தொல்லைகளைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அதை ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்தால் மேலே போகும் பேச்சே வேண்டாம். இறங்குவதுதான் மருந்து.

அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் கட்டாயம். மேலே படுக்கைகள் குறைவு என்பதால் பல மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும். கழுத்தில் மாட்டித் தரும் பெயர் அட்டையைத் தொலைக்காதீர்கள்.

மலைப்பாதை தொடங்கும் திம்போஹோன் வாயில் 1,866 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து பானாலாபான் தங்குமிடம் வரை 6 கிலோமீட்டர், பெரும்பாலும் படிகள். அரை கிலோமீட்டருக்கு ஒரு பலகை தூரத்தைச் சொல்லும். நாலாவது கிலோமீட்டரில் லாயாங் லாயாங் என்ற ஓய்விடம் வரும். அதைத் தாண்டினால் மரங்கள் குட்டையாகும், மண் மஞ்சளாகும், மூச்சு வாங்கும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். பிற்பகல் மழை இங்கே வழக்கம், அதனால் காலையிலேயே ஏறத் தொடங்குங்கள். மாற்றுத்துணியைப் பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பைக்குள் வையுங்கள். பைக்கு மேலே போடும் மழையுறையை மட்டும் நம்பினால் முதுகுப்பக்கம் நனைந்துவிடும்.

இரவு இரண்டரை மணியளவில் உச்சிப் பயணம். மீதி 2.7 கிலோமீட்டர்தான், ஆனால் முதலில் மரப்படிகள், பிறகு வழவழப்பான கருங்கல் சரிவு. அங்கே வெள்ளைக் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். ஊன்றுகோலைப் பையில் செருகிவிட்டு, உள்ளங்கையில் ரப்பர் பிடிப்புள்ள கையுறை போடுங்கள். கம்பளிக் கையுறை ஈரக் கயிற்றில் வழுக்கும். விளக்கு தலையில் மாட்டுவதாகவே இருக்கட்டும், இரண்டு கையும் வேண்டும். 3,668 மீட்டரில் இருக்கும் சாயாட் சாயாட் சாவடியை ஐந்து மணிக்குள் எட்டாதவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மழை வலுத்தால் அந்தக் கல் முழுக்க நீரோட்டம் ஆகிவிடும். மேலே போக வேண்டாம் என்று வழிகாட்டி சொன்னால் வாதாடாதீர்கள்.

சாவடிக்கு மேல் சரிவு குறைகிறது, மூச்சுக்கான காற்றும் குறைகிறது. இருபது அடி, நின்று ஐந்து மூச்சு, மறுபடி இருபது அடி. உச்சியான லோஸ் பீக் கடைசியில் ஒரு பாறைக் குவியல். விடிவதற்கு வெகு முன்னே அங்கே போய் உட்கார்ந்தால் வேர்வை ஈரத்தோடு காற்றில் உறைவீர்கள். உலர்ந்த உள்சட்டை ஒன்றைக் கொண்டுபோய், உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை மறைவில் மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி இறக்கம். அன்றைக்கே 8.7 கிலோமீட்டர். ஒவ்வொரு படியிலும் உடம்பின் முழுப் பாரமும் முழங்காலில் விழும், கால்விரல்கள் காலணியின் முன்பக்கத்தில் மோதும். கட்டைவிரல் நகம் கறுத்துப்போவது அதனால்தான். இரண்டு நாள் முன்பே நகம் வெட்டி, இறங்கும்போது கணுக்காலருகே காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். பானாலாபானில் வயிறு நிறையச் சாப்பிட்டு, ஊன்றுகோலைச் சற்று நீட்டி, படியில் குதிக்காமல் பக்கவாட்டில் பாதம் வைத்து இறங்குங்கள். பயிற்சியும் இதற்கே தேவை: ஆறு வாரம், வாரம் மூன்று நாள், அடுக்குமாடிப் படிகளில் ஐந்து கிலோ சுமையோடு ஏறுவதோடு நிற்காமல், மின்தூக்கியைத் தவிர்த்து இறங்கவும் செய்யுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். முதல் நாள் வாயிலைத் தாண்டியதும் கார்சன் அருவி வரை பாதை கீழே இறங்கியிருக்கும். திரும்பும்போது, கால் நடுங்குகிற வேளையில், அந்தப் படிகளை ஏறித்தான் வாயிலுக்கு வர வேண்டும். அதற்கென்று அரை லிட்டர் தண்ணீரும் ஒரு கடலைமிட்டாயும் மிச்சம் இருக்கட்டும்.