இரண்டு நாள்கள்

மார்ச் 4, திங்கள்

அம்மா இன்று என்னை "அக்கா" என்று அழைத்தார். பெரியம்மா மறைந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன.

மார்ச் 5, செவ்வாய்

இரவு முழுவதும் உறக்கமில்லை. போர்வையின் ஓரத்தைப் பிடித்து, பூத் தொடுப்பது போல் இழுத்து முடிச்சிட்டு, மறுபடியும் இழுத்துக்கொண்டே இருந்தார். "நார் பத்தாது, இன்னும் கொஞ்சம் கிழிச்சுக் குடு" என்றார். மாலையில் காய்ச்சல் 100.8. மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம்.

மார்ச் 6, புதன்

சிறுநீர்த் தொற்று. மறதிநோய் ஒரே இரவில் முற்றிவிடவில்லை, தொற்றினால் வந்த டெலிரியம், அதாவது திடீர் மனக்குழப்பம் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சிறுநீரில் வாடை கடுமையாக இருந்ததை ஞாயிற்றுக்கிழமையே கவனித்தேன். தண்ணீர் குறைவாகக் குடித்திருப்பார் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள்கள்.

மார்ச் 8, வெள்ளி

அம்மா உறங்குகிறார். பதினொன்றாம் வகுப்பு மாணவிகளுக்கு ஆண்டுதோறும் நியூரோக்ளியாவைப் பற்றி நான் சொல்லித் தந்தது ஒரே வரிதான்: நியூரான்களைத் தாங்கிப் பாதுகாக்கும் செல்கள். ஜெர்மன் மருத்துவர் ஃபிர்கோ 1856 இல் அவற்றை நரம்புப் பசை என்று கருதிப் பெயரிட்டதால், நாமும் பசை என்றே கடந்துவிட்டோம். ஆனால் அம்மாவின் நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் அல்சைமர் தம் 1907 ஆம் ஆண்டுக் கட்டுரையில், ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் தாம் கவனித்த அகுஸ்டே டி. என்ற பெண்ணின் மூளையில் க்ளியா ஏராளமான இழைகளை உருவாக்கியிருந்ததையும், பல க்ளியா செல்களுக்குள் பெரிய கொழுப்புப் பைகள் இருந்ததையும் எழுதியிருக்கிறார். அதே கட்டுரையில் இருந்த படிவுகளும் இழைமுடிச்சுகளும் பாடநூல்களுக்கு வந்துசேர்ந்தன. க்ளியாவைப் பற்றிய இந்த வரி வரவில்லை.

க்ளியாவில் மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியாவைத் தனி வகையாக 1919 இல் பிரித்துக் காட்டியவர் ஸ்பெயினின் ரியோ ஒர்டேகா. உயிருள்ள எலியின் மூளையில் அவற்றை 2005 இல் நேரடியாகப் பார்த்தபோது, ஓய்வில் இருப்பதாக எண்ணப்பட்ட அந்தச் செல்கள் தம் மெல்லிய கிளைகளை ஓயாமல் நீட்டியும் மடக்கியும் சுற்றுப்புறத்தைத் துழாவிக்கொண்டிருந்தன. அம்மாவின் விரல்கள் போர்வையில் அலைவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

மார்ச் 9, சனி

சிறுநீரில் எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வந்தது. மருந்தை மாற்றினார்கள்.

மார்ச் 11, திங்கள்

சிறுநீர்ப்பையில் இருக்கும் கிருமிக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு என்று தம்பி தொலைபேசியில் கேட்டான். கிருமி மூளைக்குப் போக வேண்டியதே இல்லை. உடலின் எதிர்ப்புச் செல்கள் விடும் சைட்டோகைன்கள் என்னும் செய்திப் புரதங்கள் இரத்தத்தின் வழியாகவும், உள்ளுறுப்புகளை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியாகவும் செய்தியைக் கொண்டு சேர்க்கின்றன. இளையவர் ஒருவரின் மைக்ரோக்ளியா அந்தச் செய்தியைக் கேட்டுச் சற்றுக் கிளர்ந்து, பிறகு அடங்கிவிடும். அம்மாவின் மூளையிலோ ஆண்டுக்கணக்கில் அமிலாய்டு என்னும் புரதப் படிவுகளைச் சூழ்ந்து நின்று ஏற்கெனவே பதற்றத்தில் இருப்பவை, சிறு தூண்டுதலுக்கும் அளவுக்கு மீறிக் கிளர்கின்றன. அவை வெளியிடும் பொருள்கள் ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற வேறு வகை க்ளியா செல்களையும் மாற்றிவிடுகின்றன. குழந்தைப் பருவத்தில் வேண்டாத நரம்பிணைப்புகளைக் களைவதற்குப் பயன்பட்ட சி1க்யூ என்ற புரதம், அல்சைமர் நோயில் வேண்டிய இணைப்புகளின்மேலும் படிய, மைக்ரோக்ளியா அவற்றை விழுங்கிவிடுகிறது என்பது எலிகளில் தெரிந்திருக்கிறது.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் அல்சைமர் நோயாளிகள் 300 பேரை ஆறு மாதங்கள் கவனித்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், இடையில் தொற்றோ காயமோ வந்து உடலில் திடீர் அழற்சி கண்டவர்களுக்கு அறிவுத்திறன் இரு மடங்கு வேகமாகச் சரிந்திருந்தது. இதைத் தம்பியிடம் சொல்லவில்லை. அந்த இரண்டு நாள்களையும் சொல்லவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

அழற்சியைக் குறைக்கும் மாத்திரையைத் தினமும் கொடுத்தால் என்ன என்று தம்பி எழுதியிருக்கிறான். அவனுடைய தவிப்பு புரிகிறது. நாப்ராக்ஸனையும் செலிகாக்சிபையும் முதியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையை 2004 இல் இதயப் பாதுகாப்புக் குறித்த அச்சத்தால் நிறுத்தினார்கள். நோயைத் தடுத்ததாகவும் தெரியவில்லை. மேலும், மைக்ரோக்ளியாவின் ட்ரெம்2 மரபணுவில் ஓர் அரிய மாற்றம் அதன் வேலைத்திறனைக் குறைக்கும்போது அல்சைமர் வரும் வாய்ப்பு கூடுவதாக 2013 இல் கண்டார்கள். அந்தச் செல்கள் முழுப் பகையாக இருந்திருந்தால் அப்படி நேராது. அவற்றை வாயடைக்கச் செய்வது அம்மாவுக்கு நல்லதென்று என்னால் நம்ப முடியவில்லை.

மார்ச் 14, வியாழன்

காய்ச்சல் நின்று மூன்று நாள்கள். பூத் தொடுப்பது நிற்கவில்லை.

மார்ச் 15, வெள்ளி

ஞாயிறு காலை வாடை. ஞாயிறு மாலை சோற்றை ஒதுக்கினார். திங்கள் "அக்கா". மூன்றும் என் கண்முன் நடந்தவை.

மார்ச் 17, ஞாயிறு

காலையில் என் கையைப் பிடித்து, "பள்ளிக்கூடம் இல்லையா இன்னைக்கு?" என்று கேட்டார். பெயர் சொல்லவில்லை, ஆனால் என்னைத்தான் கேட்டார். இட்லியைத் தாமே பிட்டுத் தின்றார். போர்வையைத் தொடவில்லை.

மார்ச் 20, புதன்

மாலை ஐந்து மணிக்கு 99.6. வாடை இல்லை, இருந்தாலும் மாதிரியை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, மருத்துவரையும் அழைத்துவிட்டேன்.